ஒரு மருந்துக்கு ஒரு வெடி

பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. சினிமாவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆனால் வேட்டை வரலாற்றைப் புரட்டினால் கதை வேறு.

ஜிம் கார்பெட்டின் பேர் சொல்லும் துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ரிக்பி கம்பெனியின் தயாரிப்பு. குழலின் உள்விட்டம் 0.275 அங்குலம், அதாவது சுமார் 7 மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் தடிமன்தான். நேபாளத்திலும் குமாவுன் மலைகளிலுமாக 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்டதற்காக, ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் ஜே.பி. ஹியூவெட் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது அது. பின்னாளில் ருத்ரபிரயாகை சிறுத்தையின் கதையை முடித்ததும் அதுதான்.

ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். தந்தத்துக்காக அவர் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கும் அதிகம். பெரும்பாலானவற்றுக்குப் பயன்படுத்தியது இதே 7 மில்லிமீட்டர் தோட்டா. இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும் கணக்குதான். ஆனால் அவர் சுட்ட முறையில் ஒரு பாடம் இருக்கிறது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் எங்கே சுட வேண்டும் என்று படித்தவர் அவர். மெல்லிய, நீளமான, உறுதியான தோட்டா எலும்பைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும். தோள்பட்டையில் உதையும் குறைவு. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவர் கையில் பீரங்கியே இருந்தாலும் பயனில்லை.

அதற்காகச் சின்னத் தோட்டா எல்லோருக்கும் ஏற்றது என்று அர்த்தமில்லை. .470 ரக யானைத் துப்பாக்கியின் குண்டு 32 கிராம். ரிக்பியின் குண்டு 9லிருந்து 11 கிராம்தான். சற்றே குறி பிசகினால் பெரிய குண்டு மிருகத்தைத் தடுமாறவாவது வைக்கும். சின்னது அந்தச் சலுகையைத் தராது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் யானை, காட்டெருமை வேட்டைக்கு .375 ரகத்துக்குக் கீழே அனுமதி கிடையாது என்று சட்டம் போட்டிருப்பது இதனால்தான். பெல்லின் துப்பாக்கியை வாங்கிவிடலாம். பெல்லின் பொறுமையை எந்தக் கடையில் வாங்குவது?

இந்த விவரங்களுக்குள் நான் விழுந்தது பிழைப்பின் காரணமாக. ஒரு பதிப்பகத்துக்காக வேட்டை நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். தமிழ் முதுகலை படித்தபோது புறநானூற்றில் வில்லுக்கும் வேலுக்கும் எத்தனையோ சொற்களைப் பார்த்தாகிவிட்டது. துப்பாக்கியின் உறுப்புகளுக்கு அங்கே என்ன கிடைக்கும்? அகராதியில் இருந்தவை, பாடப்புத்தகக் குழு அறையில் உட்கார்ந்து செய்தவை. கையில் துப்பாக்கி பிடித்த எவரும் அப்படிப் பேசியிருக்க முடியாது.

சொற்கள் கிடைத்தது தில்லி ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப்பில். தமிழ்நாட்டிலிருந்து வந்து வீட்டு வேலை, கூலி வேலை செய்து பிழைத்தவர்களின் குடிசைப் பகுதி. இட்லி மாவும் மல்லிகைப் பூவும் வாங்க நான் அங்கே போவது வழக்கம். அப்படித்தான் கல்வராயன் மலையடிவாரத்துக்காரரான ஒரு பெரியவர் பழக்கமானார். அந்த மலைப்பகுதி நாட்டுத் துப்பாக்கிக்குப் பேர்போனது. 1960களில், சிறுவனாக இருந்தபோது, தினைக் கொல்லையில் இறங்கும் காட்டுப் பன்றிக்காக அப்பாவோடு பரணில் இரவுக் காவல் இருந்தவர்.

அவர் வாயிலிருந்து சொற்கள் சரளமாக விழுந்தன. பவுடர் என்று நாம் சொல்வது அவருக்கு மருந்து. சிறு குண்டுகள் ரவை. குழல் வழியாக மருந்தைப் போட்டுக் கம்பியால் இடிப்பது கெட்டிப்பது. தட்டி வெடிக்க வைக்கும் சுத்தி குதிரை. தோளில் அணைக்கும் பகுதி கட்டை. சொற்களோடு ஒரு கொள்கையும் வந்தது.

“ஒரு மருந்துக்கு ஒரு வெடிதான் தம்பி. தப்பிச்சின்னா மறுபடி கெட்டிக்கிறதுக்குள்ள பன்னி உன் தொடையில இருக்கும். அதனால அப்பாரு முக்காவாசி நாளு சுடவே மாட்டாரு. பாத்துக்கிட்டே இருப்பாரு.”

கார்பெட்டையும் பெல்லையும் பெரியவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் அப்பாவும் அவர்களும் ஒரே பள்ளிக்கூடம்.

ரிக்பி கம்பெனியின் ரைபிளைப் பற்றிச் சொன்னபோது பெரியவர் கேட்டது குண்டைப் பற்றி அல்ல, “ராத்திரியில எப்படிப் பாத்தாரு?” என்பதைத்தான். சரியான கேள்வி. 1926 மே மாதம் குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தில் உட்கார்ந்திருந்தார் கார்பெட். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. துப்பாக்கியோடு பொருத்திய மின்விளக்கு. மணி அசைந்தது, விளக்கைப் போட்டார், வெளிச்சம் சிறுத்தையின் தோளில் விழுந்தது, சுட்டார். விளக்கு அணைந்துவிட்டது. எட்டு வருடங்களில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கில் ஏறிய மிருகத்துக்கும் அவருக்கும் நடுவே இருந்த வெளிச்சம் ஒரு நொடிதான்.

இன்று ரைபிளின் மேல் ஸ்கோப் என்ற தொலைநோக்கி உட்காருகிறது. அதிலும் ‘பெரியதுதான் நல்லது’ என்ற நம்பிக்கை உண்டு. கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. நான்கு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பின் முன்கண்ணாடி 32 மில்லிமீட்டர் விட்டம் என்றால், 32ஐ 4ஆல் வகுக்க வேண்டும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 8 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். நாற்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஆக, கண் ஏற்கும் வெளிச்சம் முழுவதும் கிடைக்கிறது. அதே கண்ணாடியில் 12 மடங்கு கேட்டால் 3 மில்லிமீட்டர்கூட வராது. அந்தி நேரத்தில் உருவம் பெரிதாகும், இருண்டும் போகும். பார்வைப் பரப்பும் சுருங்கும். புதர்க் காட்டில் முப்பது மீட்டரில் நிற்கும் மிருகத்தின் ரோமம் தெரியும். அது தலையா வாலா என்பது தெரியாது.

ஸ்கோப்பின் பெரிய ஆபத்து அது தரும் தைரியம். தூரத்தில் இருப்பது பக்கத்தில் தெரிவதால், சுட வேண்டாத தூரத்திலிருந்தும் கை விசைக்குப் போகிறது. காயத்தோடு தப்பிய மிருகத்தின் கணக்கு அங்கே தொடங்குகிறது.

சம்பாவத் பெண்புலியின் வாயை கார்பெட் திறந்து பார்த்தபோது வலதுபக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். அதனால் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது என்று அவர் முடிவுகட்டினார். அப்படியானால், யாரோ ஒருவர் சரியாகச் சுடாத ஒரு குண்டின் விலை 436 உயிர். அந்தப் புலியைக் கொன்றதற்குத்தான் இன்னொரு துப்பாக்கி பரிசாக வந்தது. வேட்டை இலக்கியத்தில் இதைவிடக் கசப்பான செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பொழுதுபோக்குப் புலிவேட்டை இல்லை. ஆனால் மனிதரைக் கொல்லும் மிருகம் என்ற பிரச்சினை இருக்கிறது. 2014 ஜனவரியில் நீலகிரியில் மூன்று பேரைக் கொன்ற புலி சுட்டுக் கொல்லப்பட்டது. 2021இல் கூடலூர், மசினகுடி பகுதியில் டி23 என்ற புலி நான்கு பேரைக் கொன்றதாகச் சந்தேகம் எழுந்தபோது, உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். தானியங்கிக் கேமராக்களும் டிரோன்களும் கும்கி யானைகளும் களமிறங்கின. ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருக்காது. கேமரா முதலில் சொன்னது, எந்தப் புலி என்பதை. ஸ்கோப் சொல்லாத செய்தி அது.

மயக்க ஊசித் துப்பாக்கிதான் இன்றைய சின்னத் தோட்டா. ஊசி மெதுவாகப் போகும். சில பத்து மீட்டர் தூரத்துக்குள், சதைப்பிடிப்பான இடத்தில் விழ வேண்டும். விழுந்தாலும் மருந்து ஏறச் சில நிமிடங்கள் ஆகும். ஊசி பட்ட டி23 ஓர் இரவு புதருக்குள் மறைந்தது. மறுநாள், அக்டோபர் 15 அன்று, உயிரோடு பிடிபட்டு மைசூருக்குப் போனது. கல்வராயன் மலைப் பரணில் இருந்த அதே நிபந்தனைகள்தான். கிட்டே போ, காத்திரு, நிச்சயமானால் மட்டும் விசையைத் தொடு.

மதராசி கேம்ப் இப்போது இல்லை. 2025 ஜூன் 1 அன்று, தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கால்வாயை ஆக்கிரமித்திருப்பதாக இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில், நரேலாவில் ஃபிளாட் பெறத் தகுதியானவை என்று பட்டியலில் வந்தவை 189. பெரியவர் பட்டியலில் இல்லை. மகளோடு ஊர்ப்பக்கம் போய்விட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கே வாழ்ந்த தமிழ் நாலா திசையிலும் சிதறியிருக்கிறது.

மொழிபெயர்ப்பில் அவருடைய சொற்களை அப்படியே வைத்திருக்கிறேன். ‘கெட்டிப்பது’ கொச்சை, ‘நிரப்புதல்’ என்று மாற்றலாமே என்றார் பதிப்பகத்தில் ஒருவர். நிரப்புவதற்கு ஒரு நொடி போதும். கெட்டிக்க நேரம் பிடிக்கும். வேட்டைக்காரரை யோசிக்க வைத்தது அந்த நேரம்தான் என்று விளக்கினேன். சொல் தப்பித்தது.