அடுத்தது எது?

சி மொழியில் ஃபார் லூப் எழுத அடைப்புக்குறிக்குள் மூன்று கணக்குகள் வேண்டும்: எண் எங்கே தொடங்குகிறது, எதுவரை ஓடலாம், சுற்றுக்கு எவ்வளவு கூடுகிறது. 'குறைவு' குறி இருக்க வேண்டிய இடத்தில் 'குறைவு அல்லது சமம்' விழுந்துவிட்டால், லூப் ஒரு சுற்று அதிகம் ஓடித் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைக்கும். பைத்தானில் இந்தக் கணக்கே இல்லை. 'ஃபார் பழம் இன் கூடை' என்று எழுதி ஒரு முக்காற்புள்ளி வைத்தால் போதும்.

கூடையில் எத்தனை பழம் என்பது ஃபாருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அது முதலில் 'இட்டர்' என்ற செயற்கூறை அழைத்து ஓர் இட்டரேட்டரை வாங்கிக்கொள்கிறது. பிறகு 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அதனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சரக்கு தீர்ந்ததும் இட்டரேட்டர் 'ஸ்டாப் இட்டரேஷன்' என்ற பிழையை எழுப்பும். ஃபார் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு வெளியேறும். முடிவைச் சொல்ல ஒரு பிழையா என்று தோன்றலாம். ஆனால் எந்த மதிப்பை முடிவின் அடையாளமாக வைத்தாலும், அதே மதிப்பு கூடைக்குள்ளும் இருக்கக்கூடும். பிழைக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

லிஸ்ட் புத்தகம் என்றால் இட்டரேட்டர் அதற்குள் வைத்த மயிலிறகு. ஒரே புத்தகத்தில் இரண்டு பேர் இரண்டு இறகுகளை வைத்துப் படிக்கலாம். ஒரே லிஸ்ட்டின் மேல் லூப்புக்குள் லூப் ஓடுவது இப்படித்தான்.

படிக்கும்போதே பக்கத்தைக் கிழித்தால்தான் வம்பு. 2, 4, 6, 8 உள்ள லிஸ்ட்டில், லூப்புக்குள்ளேயே ஒவ்வொன்றாக நீக்கினால் எல்லாம் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2 போனதும் மற்றவை ஓரிடம் முன்னே நகர, 4 முதல் இடத்துக்கு வந்துவிடுகிறது. இட்டரேட்டரோ இரண்டாம் இடத்தைப் பார்த்து 6-ஐ எடுக்கிறது. கடைசியில் 4-உம் 8-உம் தப்பித்துவிடும். டிக்‌ஷனரியில் இப்படிச் செய்தால் பைத்தான் உடனே பிழை காட்டும். லிஸ்ட்டில் வாய் திறக்காது. நகல் எடுத்து அதன்மேல் லூப் ஓட்டுவதே பாதுகாப்பு.

இந்த இட்டரேட்டர் ஏற்பாடு பைத்தானில் 2001-இல், 2.2 பதிப்போடு வந்தது. அதற்கு முன் ஃபார் 0, 1, 2 என்று இடம் இடமாகத்தான் தட்டிப் பார்த்தது. எண்ணம் அதைவிடப் பழையது: 1970-களில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய க்ளூ மொழியிலேயே இட்டரேட்டர் உண்டு. இதன் வசதி பெரிய கோப்புகளில் தெரியும். முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றாமல், கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாக வரும்.

இட்டரேட்டருக்குத் திரும்பி நடக்கத் தெரியாது. பைத்தான் 3-இல் 'மேப்', 'ஜிப்' இரண்டும் தருவது லிஸ்ட் அல்ல, இட்டரேட்டர். அதன்மேல் முதல் லூப் எல்லாவற்றையும் அச்சிடும். இரண்டாவது லூப் ஒன்றையும் அச்சிடாது, பிழையும் காட்டாது. இரண்டு முறை தேவையென்றால் முதலிலேயே லிஸ்ட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.