வாணமும் படகும்

நுவரெலியாவின் கிரகரி வாவியில் வசந்தகாலப் படகுச் சவாரியைக் கண்டு பழகிய நமக்கு, வாணவேடிக்கைக்காக ஒரு நீர்ப்பரப்பையே அடைத்துவிடுவார்கள் என்பது விந்தையாகத் தோன்றலாம். சிங்கப்பூரின் மெரினா விரிகுடாவில் இது வழக்கம். தேசிய தினமாகிய ஆகஸ்டு 9 அன்று அங்கே வாணவேடிக்கை நிகழும் ஆண்டுகளில், அதிகாரிகள் முன்னறிவித்து அப்பகுதிக்குள் படகுகள் நுழையாதவாறு தடுக்கின்றனர். ஏன் என மாணவர் வினவுவர். வெடித்தவற்றின் தணலும், வெடிக்காது விழும் குண்டுகளும் ஆளற்ற நீரில் வீழ வேண்டுமன்றோ! சில மணி நேரந்தான்; பின்னர் வழி திறந்துவிடும்.

ஆனால் அவ்விரிகுடாவிற் கலக்கும் சிங்கப்பூர் ஆறு, சரக்குப் படகுகளுக்கு நிரந்தரமாகவே மூடப்பட்டதுண்டு. 1977இல் தொடங்கிய ஆற்றுத் துப்புரவுப் பணியின்போது, 1983இல் ஏறக்குறைய 800 படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. ஆறு தூய்மையாயிற்று, அதைக் குறைகூற யாம் துணியோம். எனினும் அத்தொழிலின் கதை நமக்கு அந்நியமானதன்று. கப்பலுக்கும் கரைக்குமிடையே மூட்டை ஏற்றியிறக்கும் அவ்வேலையைத் தொடக்க நாட்களிற் செய்தவர்களுட் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள். நம் முன்னோர் மன்னாரில் இறங்கிக் கண்டிச் சீமைக்கு நடந்த அதே நூற்றாண்டு அது. பின்னர் தொழில் சீனர் கைக்கு மாறியது. 1983இல் ஆற்றைவிட்டுப் போனவர்கள் பெரும்பாலும் அவர்களே.

இன்று அவ்வாற்றில் அதே பழைய வடிவப் படகுகள் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. வாணவேடிக்கை இரவில் ஒதுங்கி நிற்பவற்றுள் அவையும் உண்டு.