முன் சஸ்பென்ஷன்: கழற்றுவதும் மாட்டுவதும்

கார் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் மைலேஜில் ஆரம்பித்து ஏ.சி.யில் முடிப்பார்கள். நடுவில் என்ஜின் வரும், மியூசிக் சிஸ்டம் வரும். சஸ்பென்ஷன் மட்டும் வரவே வராது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரும். அப்போதும் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு ஆறு மாதம் ஓட்டுகிறவர்கள் உண்டு!

சஸ்பென்ஷன் என்றால் சொகுசு சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, டயரை ரோட்டோடு ஒட்ட வைப்பது. ஸ்டியரிங் திருப்பினால் வண்டி திரும்புவதும், பிரேக் போட்டால் நிற்பதும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான். ஸ்பிரிங் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஸ்பிரிங்குக்கு நிறுத்தத் தெரியாது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகப் போய்வரும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது.

இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர் அது. ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் கார் திட்டத்துக்காக அவர் யோசித்த அமைப்பு. அந்தத் திட்டம் 1947-ல் கைவிடப்பட்டது. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் லண்டன் கண்காட்சியில் வந்த ஃபோர்டு கான்சல் காரில் அந்த அமைப்பு இருந்தது. நம் ஊரில் 1983-ல் வந்து 2014 வரை தயாரான மாருதி 800-லும் அதேதான். (அம்பாசடர் வேறு ஜாதி. அதன் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொடுக்கும் நீண்ட எஃகுத் தண்டு, டார்ஷன் பார்.)

மெக்பர்சனின் கெட்டிக்காரத்தனம் எளிமையில் இருக்கிறது. ஷாக் அப்சார்பரையே தூணாக்கி, அதைச் சுற்றி ஸ்பிரிங்கை மாட்டி, தூணின் தலையை பாடியிலும் காலை வீல் நக்கிளிலும் பூட்டிவிட்டார். கீழே ஒரு லோயர் ஆர்ம், அவ்வளவுதான். மேல் ஆர்ம் தேவையில்லை. செலவு குறைவு, இடம் மிச்சம். என்ஜினைக் குறுக்காக வைக்கும் சின்னக் கார்களுக்கு இது வரப்பிரசாதம்.

சரி, கழற்றுவது எப்படி? வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. இதை மறந்தவர்கள் மேல் வண்டி உட்கார்ந்திருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸை விடுவிக்க வேண்டும். அடுத்து ஸ்ட்ரட்டின் காலை நக்கிளோடு பூட்டும் போல்ட்டுகள். பல கார்களில் இரண்டு இருக்கும். அவை உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி ஆணியால் ஒரு கோடு கீறி வைப்பது பின்னால் உதவும். துரு பிடித்திருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் போல்ட் தலை மழுங்கிவிடும். ஸ்ட்ரட்டை விட்டதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைக் கம்பி போட்டுக் கட்டி வைக்காவிட்டால் முழு எடையும் பிரேக் ஹோஸில் தொங்கும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட்டும் இழுபட்டுக் கழன்றுவிடலாம். கடைசியாக பானெட்டைத் திறந்து மேலே உள்ள நட்டுகள்.

இங்கேதான் ஒரு விஷயம். மேலே ஓரத்தில் சில நட்டுகள் இருக்கும், நடுவில் பெரியதாக ஒரு நட்டு இருக்கும். ஓரத்து நட்டுகளைக் கழற்றினால் முழு ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கோடு பத்திரமாகக் கீழே வரும். நடு நட்டைக் கழற்றினால்?

ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கும் ஒரு பையன் ட்ரெயினிங்குக்காக ஒரு பட்டறைக்குப் போனான். ஹூக் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து பெஞ்சில் வைத்தாயிற்று. அவன் ஸ்பேனரோடு நேராக நடு நட்டுக்குப் போனான். மெக்கானிக் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, அதுல கை வைக்காத."

"ஏண்ணே? வண்டியிலதான் இல்லையே, எடை எதுவும் இல்லையே?"

"வண்டி எடைதான் இல்ல. ஸ்பிரிங்கு இன்னும் அமுங்கித்தான்டா இருக்கு."

பையனுக்கு உறைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தான். ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றும், அது 150 மி.மீ. அமுங்கியிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், விசை 3,000 நியூட்டன். ஏறக்குறைய 300 கிலோ எடை. உள்ளே அடைந்திருக்கும் சக்தி 225 ஜூல். 10 கிலோ அரிசி மூட்டை இரண்டு மீட்டருக்கும் மேலிருந்து விழுவதற்குச் சமம். அதுவும் முகத்துக்கு நேராக! பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதிய சமன்பாடு அன்றைக்குத்தான் அவனுக்கு எஃகாகத் தெரிந்தது.

அதனால்தான் ஸ்பிரிங் கம்ப்ரஸர். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு திருகுகளை மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுத் தளர்ந்து கையால் சுழலும்போதுதான் நடு நட்டு. அப்போதும் முகம் அதற்கு நேராக இருக்கக் கூடாது. கருவி இல்லையென்று கயிறோ கம்பியோ கட்டிச் சமாளிக்கிற இடங்கள் உண்டு. "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் அவர்களின் வாதம். ஒன்று ஆகும் நாளில் பெரும்பாலும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பவன் முதலாளி அல்ல, கூட இருக்கும் பையன். கருவிக்கு ஆகும் காசையும் அவன் கண்ணையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மாட்டுவது, கழற்றியதைத் திருப்பிச் செய்வதுதானே என்று தோன்றும். முழுக்க அப்படி இல்லை. ஸ்பிரிங்கின் கீழ்முனை இருக்கையில் உள்ள படியில் சரியாக முட்டி உட்கார வேண்டும். தலையில் உள்ள பேரிங் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிட வேண்டும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் ஸ்ட்ரட் சுழல்வது அதன் மேல்தான். ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கவே கூடாது. ஒரு சின்னக் கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் கசியும். நைலான் வளையம் வைத்த நட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும்.

லோயர் ஆர்மையும் கழற்றியிருந்தால், பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அதன் ரப்பர் புஷ் உள் குழாயோடும் வெளிக் கூட்டோடும் ஒட்டப்பட்டது. அது சுழலாது, முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சீக்கிரம் கிழியும். மறுபடி 'டக் டக்'. மறுபடி செலவு. பழி "டூப்ளிகேட் பார்ட்" மேல் விழும்! வண்டியின் எடை சக்கரத்தில் வந்த பிறகோ, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்த நிலைக்குத் தூக்கிய பிறகோதான் கடைசி இறுக்கு.

ஷாக் அப்சார்பரை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் வளைவிலும் பிரேக்கிலும் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக நடக்கும். கீறி வைத்த கோட்டில் போல்ட்டுகளைப் பொருத்தியிருந்தாலும் வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும். அதை மிச்சம் பிடித்தால் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்து வட்டியோடு வசூல் செய்துவிடும்.

சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது நல்ல மெக்கானிக்கின் பழக்கம். வாடிக்கையாளருக்கு அது தெரியாது, பில்லிலும் வராது. வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு வித்தியாசம் தெரிவது முதல் ஸ்பீட் பிரேக்கரில்தான். அங்கே எந்தச் சத்தமும் கேட்காது. இந்த வேலைக்குக் கிடைக்கும் மார்க் அவ்வளவுதான்.