பஸ் காசில் கொடைக்கானல்

கொடைக்கானல் என்ற பேச்சை எடுத்தாலே நடுத்தரக் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கார் வாடகை, ரூம் வாடகை, சீசன் நேரத்துச் சாப்பாட்டு விலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் எங்கள் சொந்தபந்தத்திலேயே நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குக் கட்டணமே கிடையாது. கட்டணம் வாங்கும் இடங்களிலும் உருப்படியானவை சில பத்து ரூபாயில் முடிந்துவிடும். கை நிறையக் காசு கரைவது, ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு 'பாயிண்ட்' காட்டுகிறேன் என்று கூட்டிப்போகும் வண்டியில்தான். இறங்கு, போட்டோ எடு, ஏறு என்று அந்த நாள் போய்விடும். ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்காது.

அரசுப் பேருந்தில் ஏறுங்கள். வத்தலக்குண்டில் மாறி ஏறினால் இன்னும் நல்லது. சுப்பிரமணிய சிவாவும், நாவலாசிரியர் ராஜமையரும், மணிக்கொடிக் காலத்து பி.எஸ். ராமையாவும் பிறந்த ஊர் அது. தமிழ் படிக்கிறவர்கள் அங்கே ஒரு டீயாவது குடித்துவிட்டுத்தான் மலையேற வேண்டும் என்பது என் கட்சி. அடிவாரம் தாண்டியதும் பேருந்து முதல் கியரில் முனகத் தொடங்கும். புளியும் வேம்பும் பின்வாங்கி, வாழையும் காப்பியும் வரும். டம் டம் பாறை வளைவில் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தால் எதிர்மலையில் தலையாறு அருவி ஒற்றை வெள்ளைக் கோடாகத் தொங்கும். எலிவால் அருவி என்று ஊர்க்காரர்கள் வைத்த பேர் அதற்கு அப்படியே பொருந்துகிறது. உயரம் 297 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த அருவிகளில் ஒன்று. அதைப் பார்க்கத் தனியாக டிக்கெட் இல்லை, பஸ் டிக்கெட்டிலேயே அடக்கம். பெருமாள்மலை வந்ததும் காற்று மாறும். அதுவரை சட்டைக் காலரைத் தூக்கி விசிறிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள்.

இந்தச் சாலை வருவதற்கு முன் ஊர் எப்படி உண்டானது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதற்கு இன்னொரு கனம் கூடும். ஊட்டியைப் போல வெள்ளைக்கார அதிகாரிகள் தொடங்கிய ஊர் அல்ல இது. லெப்டினன்ட் வார்டு 1821ல் இந்த மலையை அளந்தார். ஆனால் முதலில் வீடு கட்டியவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரியார்கள். காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த அவர்கள், முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு இங்கே வந்து 1845ல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அன்றைக்குப் பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான் வழி. துரைமார்களையும் துரைசானிகளையும் டோலியிலும் நாற்காலியிலும் வைத்து மேலே தூக்கி வந்தது நம் கூலியாட்கள். மெத்தை, பெட்டி, பியானோ வரை தலையிலும் தோளிலும் ஏறியவைதான். 1870களில் மேஜர் லா தொடங்கிய மலைச்சாலை முழுதாக முடிந்தது முதல் உலகப்போர்க் காலத்தில். கோக்கர், பிரையண்ட் என்று நடைபாதைக்கும் பூங்காவுக்கும் துரைமார் பேர்கள் நிலைத்துவிட்டன. சுமந்து வந்தவர்களில் ஒருவர் பேரும் எங்கேயும் எழுதப்படவில்லை. இதை நினைக்காமல் என்னால் அந்த ஊரில் நடக்க முடிவதில்லை.

ஏரியிலிருந்து தொடங்குவோம். இது இயற்கையாக அமைந்த ஏரி இல்லை. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863ல் சதுப்பு நிலத்து ஓடைகளைக் கரைகட்டித் தேக்கியது. ஏறக்குறைய 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். படகில் போவதற்குக் காசு உண்டு. கரையைச் சுற்றி நடப்பதற்குக் கிடையாது. சுற்றுப்பாதை சுமார் 5 கிலோமீட்டர். படகில் உட்கார்ந்தால் ஏரியின் ஒரு மூலைதான் தெரியும். நடந்தால் அதன் ஒவ்வொரு விரலையும் சுற்றி வரலாம். காலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். குதிரைக்காரர்களும் சைக்கிள் கடைக்காரர்களும் வருவதற்கு முன், தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும்போது அந்த ஐந்து கிலோமீட்டரை நடந்து முடித்தால், அன்றைய நாளே நம்முடையதாகிவிடும். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கீழே மலைச்சாலை ஓரத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக 180 அடி விழுகிறது. ஊருக்குள் ஓடி வரும் தண்ணீர் அது. பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குளிக்க வேண்டாம்.

கோக்கர்ஸ் வாக்குக்கு ஒரு சின்னக் கட்டணம் வாங்குகிறார்கள். கொடுக்கலாம். 1872ல் லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பை ஒட்டி அமைத்த ஒரு கிலோமீட்டர் பாதை. வெயில் வந்த காலையில் பெரியகுளமும் அதன் கண்மாய்களும் காலடியில் கிடக்கும். பதினொரு மணிக்கு மேல் மூட்டம் ஏறிவிட்டால் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் காலையில் போகச் சொல்கிறேன். பிரையண்ட் பூங்கா 1908ல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் போட்ட திட்டம். மே மாத மலர்க் கண்காட்சிக்குப் பேர்போனது. கூட்டத்தில் பூவைவிடத் தலைகளே அதிகம் தெரியும் என்பதால் நான் அதை வேறு மாதங்களுக்கு வைத்துக்கொள்கிறேன்.

கொடைக்கானலில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சூரிய ஆய்வகம். சுற்றுலா வண்டிகள் இதை அவசரத்தில் கடந்துவிடும். தாது வருஷப் பஞ்சம் நம் தாத்தாக்களின் தாத்தாக்களைக் கொள்ளையாய்க் கொண்டுபோன பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது, அதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று தேட வேண்டும் என்ற யோசனை எழுந்தது. அதற்காகத் தெளிந்த வானமுள்ள மலை தேடி இங்கே வந்தார்கள். மைக்கி ஸ்மித் பொறுப்பில் 1899ல் ஆய்வகம் உருவாகி, 1901ல் ஆய்வு தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் நடந்த சென்னை வானாய்வகத்தின் தொடர்ச்சி இது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகத்து வானியல் புத்தகங்களில் எல்லாம் 'எவர்ஷெட் விளைவு' என்று இருப்பது, பட்டினிச் சாவுகளில் பிறந்த கேள்விக்கு விடை தேடப்போய் நம் மலையில் கிடைத்த ஒன்று. இந்த ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நீண்ட தொடர்ச்சி உலகில் அபூர்வம். அங்குள்ள காட்சிக்கூடத்தில், வானம் ஒத்துழைத்தால், அந்த நேரத்துச் சூரியனின் உருவத்தையே திரையில் விழவைத்துக் காட்டுகிறார்கள். அதில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் குழந்தைகளைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தப் புள்ளி நம் பூமியைவிடப் பெரியதாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். எந்தக் கேளிக்கைப் பூங்காவிலும் இதற்கு ஈடான ஒரு நொடியை வாங்க முடியாது. பார்வையாளர் நேரத்தை மட்டும் ஊருக்குள் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார், ஐரோப்பிய வழிவந்தவர், சைவத்தில் தோய்ந்து 1936ல் கட்டியது. யாழ்ப்பாணத்துக்கும் பழனி மலைக்கும் முருகன் போட்ட பாலம் என்று எனக்குத் தோன்றும். கோயிலின் பின்பக்கம் போய் நின்றால், மேகம் விலகிய நேரத்தில் சமவெளியும் பழனிக் குன்றும் தெரியும். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்டது இந்த மலைநாட்டைத்தான். மார்கழிக் குளிரில் அங்கே ஒருமுறை நின்று பார்த்தவர்கள், அவன் செய்ததை மடமை என்று சொல்ல மாட்டார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018ல் பூத்தது. அடுத்தது 2030. இப்போதே குறித்து வையுங்கள்.

இரண்டாம் நாள் ஊரை விட்டு வெளியே போக வேண்டும். பேருந்து நிலையத்தில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை என்று போர்டு போட்ட பேருந்துகள் நிற்கும். மேல்மலைக் கிராமத்து மக்கள் ஏறும் வண்டிகள். அரிசி மூட்டை, உரச் சாக்கு, பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தை எல்லாம் ஒன்றாக ஏறும். பூம்பாறைக்குச் சற்று முன்னால் சாலை திரும்பும் இடத்தில் ஊர் மொத்தமும் கீழே தெரியும். படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவில் நெருக்கியடித்த ஓட்டு வீடுகள், அவற்றுக்கு மத்தியில் குழந்தை வேலப்பர் கோயில். மூலவரைப் போகர் செய்தது என்று ஊரார் நம்புகிறார்கள்.

கோயில் தெருவில் ஒரு பாட்டி திண்ணையில் பூண்டைக் குவித்துத் தாளோடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பல்லை நகத்தால் கீறி என் மூக்கருகே நீட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல் சின்னது, தோல் கெட்டி, காரம் கூட. "வாங்கிட்டுப் போ சாமி, வருஷம் ஆனாலும் கெடாது" என்றார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. டவுனில் டப்பாவில் அடைத்து விற்கும் சாக்லேட்டைவிட இதைத்தான் ஊருக்கு வாங்கிப்போக வேண்டும். காசு நேராக விளைவித்தவர் மடிக்குப் போகும். ஆடி ஆவணியில் போனால் பேரிக்காயும் அப்படித்தான், மலைப்பாதை ஓரத்தில் கூடைக்காரியிடமே வாங்கலாம்.

நடக்கத் தெம்பு உள்ளவர்கள் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை இறங்கலாம். வேர்கள் பின்னிய சரிவுப் பாதை. மழை பெய்திருந்தால் போகாதீர்கள், பாறையின் நுனிக்கு எப்போதும் போகாதீர்கள். அதே தடம் கீழே வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிறது. வெள்ளகெவி ஊருக்குள் செருப்புப் போட்டு நடப்பதில்லை, ஊரே தெய்வம் குடியிருக்கும் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்தக் காட்டு வழிகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் போன மலையேற்றக்காரர்களின் உயிர்களை மறக்கக் கூடாது.

'குணா' படத்தால் பேர்பெற்ற குகைக்கு, 2024ல் வந்த மலையாளப் படத்துக்குப் பிறகு கூட்டம் சொல்லி முடியாது. தூண் பாறையும் அந்தப் பக்கம்தான், ஏறக்குறைய 400 அடி உயரத்தில் நிற்கும் மூன்று கற்கள். காலை வெயிலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குகையை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதற்காக அரை நாளைக் காரில் கழிப்பது எனக்கு வீணாகப் படுகிறது.

தங்குவதுதான் உண்மையான செலவு. ஏப்ரல், மே இரண்டு மாதமும், நீண்ட விடுமுறை நாட்களும் தவிர மற்ற காலத்தில், வார நாட்களில் வந்தால் வாடகை கணிசமாக இறங்கும். மூஞ்சிக்கல் பக்கம் மெஸ்களில் இட்லியும் சாப்பாடும் வயிற்றுக்கும் பைக்கும் இதமாக இருக்கும். ஸ்வெட்டரும் தண்ணீர் பாட்டிலும் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். அந்த பாட்டில் எவர்சில்வராக இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. மலை அதற்கு மேல் தாங்காது என்பதுதான் காரணம். சோலைக்காடும் ஓடையும் போனால் கீழே பெரியகுளம், பழனி வட்டாரத்து வயல்களுக்குத் தண்ணீர் இல்லை. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. ஆகவே வசதி இருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை காரை வத்தலக்குண்டிலோ பழனியிலோ விட்டுவிட்டு, பேருந்தில் ஏறி வாருங்கள்.