ஒன்பது ராத்திரி, ஏழு நாடு

பாரிஸ்ல இருக்குற அக்கா பையன் எக்செல்ல போட்டு அனுப்பிச்ச டூர் ப்ளானுக்கு அவனே வச்ச பேருதான் மேல இருக்குறது. வர்ற ஜூன்ல அவன் அப்பா அம்மா முதல் தடவையா அங்க போறாங்க. ரெண்டு மாசம் தங்கப் போறாங்க. அதுல இவனுக்குப் பத்து நாள் லீவு. சொந்தக் கார் இருக்கு. "ஷெங்கன் விசா ஒண்ணு போதும் மாமா. நடுவுல கேட்டே கிடையாது, போயிட்டே இருக்கலாம்"ங்கிறான்.

பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசர்ன், வெனிஸ், ரோம், பீசா, மறுபடி பாரிஸ். எண்ணிப் பார்த்தா ஆறு நாடுதான் வருது. ஏழாவது எங்கடான்னு கேட்டா வத்திக்கானாம்! (ரோமுக்குள்ள நடந்தே போயிட்டு வர்ற இடம். கணக்குன்னா கணக்குதானே.)

உக்காந்து கூட்டிப் பார்த்தேன். சுமார் 3,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியில கிளம்பி ஸ்ரீநகர்ல போய் இறங்குற தூரம், கிட்டத்தட்ட. ஒன்பது ராத்திரியில எட்டு ஓட்டல். எங்க மாமாவுக்கு எழுபத்திரண்டு வயசு, இருபது வருஷமா சுகர். அக்காவுக்கு ஒரு முட்டி ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னொண்ணு வரிசையில நிக்குது.

நான் ஐரோப்பா போனதில்லீங்க. ஆனா வயசானவங்களை வண்டியில ஏத்தி ஊர் சுத்திக் காட்டுறதுல இருபது வருஷ சர்வீஸ். அண்ணாகிராமம் சுத்துவட்டாரத்துல சொந்தக்காரங்க வேன் வச்சுக் கோயிலுக்குப் போனா, டிரைவர் பக்கத்து சீட்டு நமக்குத்தான். அதனால பையன் நம்மகிட்ட 'ஒரு பார்வை பாருங்க'ன்னு கேட்டதுல நியாயம் இருக்கு.

நவக்கிரக டூர் போனவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒன்பது கோயிலையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு காலையில நாலு மணிக்குக் கிளம்புவோம். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம்னு ஓடி, பன்னண்டு மணிக்கு அடுத்த கோயில் வாசல்ல நின்னா நடை சாத்தியிருக்கும். நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. அங்கேர்ந்து கணக்கு உதைக்க ஆரம்பிக்கும். திருநள்ளாறு போய்ச் சேர்றப்போ பாதிப் பேருக்கு இறங்கவே தெம்பு இருக்காது. மறுநாள் அத்தைகிட்ட "கஞ்சனூர் கோயில் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா, "எது, அந்த டீக்கடை பக்கத்துலயே, அதா?"ம்பாங்க. ஒன்பதும் பார்த்தாச்சு, ஒண்ணும் பார்க்கல. பையன் ப்ளான் அதே கதைதான், ரோடு மட்டும் கொஞ்சம் நல்லா இருக்கும்.

அப்புறம் இந்த எல்லை தாண்டுற ஆசை. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது புதுசா என்ன? மடுகரை, நெட்டப்பாக்கம் பக்கமா பாண்டிக்குப் போனா பாண்டிச்சேரி மாநிலம் திட்டுத் திட்டா வந்துட்டுப் போகும். கடலூர்ல செயின்ட் டேவிட் கோட்டையில இங்கிலீஷ்காரன், பக்கத்துலயே பாண்டியில பிரெஞ்சுக்காரன்னு கூறு போட்டுக்கிட்டதோட மிச்சம். 1954-ல பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்தை ஒப்படைச்சு, 1962-ல சட்டப்படி கைமாறினப்போ, பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னு எழுதிக் கொடுத்தவங்க குடும்பங்கள்ல நிறைய பேர் இன்னிக்கு பாரிஸ் பக்கம் இருக்காங்க. (நம்ம பையன் அந்த வழி இல்ல. படிச்சு, வேலை கிடைச்சுப் போனவன்.) பார்டர் தாண்டினா என்ன மாறும்னு நம்ம ஊர் வேன் டிரைவரைக் கேளுங்க: பர்மிட்டு மாறும், பெட்ரோல் விலை மாறும். அங்கயும் அதேதான்.

அந்த மாறுற சமாச்சாரங்கள்தான் பையன் எக்செல்ல இல்லாதது. சுவிஸ்ல மோட்டார்வே மேல ஏறணும்னா விக்னெட்னு ஒரு ஸ்டிக்கர், 40 ஃபிராங்க். ஒரு நாள் போனாலும் அதே காசு, வருஷம் பூரா போனாலும் அதே காசு. 2023 முதல் ஆன்லைன்லயும் வாங்கலாம். பிரான்ஸ்ல டோல் கேட். இத்தாலி நகரங்கள்ல பழைய ஊர்ப் பகுதிக்குள்ள வெளிவண்டி நுழையக் கூடாது, கேமரா படம் பிடிச்சு அபராதச் சீட்டு வீடு தேடி வரும். ஜெர்மனியில சில நகரங்களுக்குள்ள போக பச்சை ஸ்டிக்கர் வேணும். கேட்டே இல்லங்கிறதும் முழுசா சரியில்ல, 2024 செப்டம்பர்ல ஜெர்மனி தன்னோட எல்லா தரை எல்லையிலயும் சோதனையைத் திரும்ப ஆரம்பிச்சது. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில போடாம கையில வச்சுக்கச் சொன்னேன்.

இன்னொண்ணு, பையன் லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. பிரான்ஸ்ல புது லைசென்ஸ்காரங்களுக்கு மூணு வருஷம் தகுதிகாண் காலம். மத்தவங்க மோட்டார்வேயில 130-ல போகலாம், இவன் 110 தாண்டக் கூடாது. வண்டிக்குப் பின்னாடி 'ஏ' ஸ்டிக்கர் வேற. ஆக கூகுள் காட்டுற நேரம் இவனுக்கு இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தணும்னு அந்த ஊர் ரோடு பாதுகாப்புக்காரங்களே சொல்றாங்க. சுகர்காரர் கூட இருந்தா சொல்லவே வேணாம். மாமாவுக்கு வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு. பிரான்ஸ்ல சின்ன ஊர் ஓட்டல்கள்ல மதியம் ரெண்டு மணிக்கு மேல அடுப்பை அணைச்சுடுவாங்களாம். நம்ம கோயில் நடை மாதிரி. கூகுள் அஞ்சரை மணின்னு காட்டினா எட்டு மணின்னு எழுதிக்கடான்னேன்.

கார்ல யாரு எங்க உக்காருவாங்கன்னு கேட்டேன். மாமா முன்னாடி. பின்னாடி அக்கா, மருமக, நடுவுல குழந்தை சீட்டு. சரி, பெட்டி? கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அப்புறம்தான் மனசுல இருந்ததைச் சொன்னான். "இன்னொரு தடவை இவங்களால வர முடியுமான்னு தெரியல மாமா. அதான் எல்லாத்தையும் காட்டிடணும்னு பார்க்குறேன்."

இதுக்கு மேல கிண்டல் பண்ண முடியுமா? வெளிநாட்டுல இருக்குற எல்லாப் புள்ளைங்களுக்கும் இருக்குற பயம் அது. ஆனா ஒரே தடவைங்கிறதாலயே அவசரப்படக் கூடாதுன்னு நான் நினைக்குறேன். அந்த ஒரு தடவையில அக்கா அடிக்கடி நினைச்சுப் பார்க்கப் போறது பேத்தியோட ஒரே வீட்டுல சமைச்சுச் சாப்பிட்டதையா, கார் கண்ணாடி வழியா ஓடின ஏழு நாட்டையா?

"அவங்ககிட்ட என்ன பார்க்கணும்னு கேட்டியா?"ன்னேன். கேட்கல. நான் நேரா அக்கா வீட்டுக்கே போய்க் கேட்டேன். அக்காவுக்குப் பனி பார்க்கணும், கையில எடுத்துப் பார்க்கணும். மாமா ரொம்ப நேரம் யோசிச்சு, "அங்க வெவசாயம் எப்படிப் பண்றாங்கன்னு பார்க்கலாம்"னார். நெல்லிக்குப்பம் ஆலைக்கு வருஷக்கணக்கா கரும்பு வெட்டி அனுப்பின மனுஷன். ரோமும் வெனிஸும் ரெண்டு பேர் வாயிலயும் வரவே இல்ல.

அப்புறம் மேப்பை வச்சு நானும் பையனும் நாலு ராத்திரி பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். பிரான்ஸோட கிழக்கு ஓரம், அல்சாஸ். அங்க கொல்மார்னு ஒரு ஊர். அதுல சமையலறையோட ஒரு வீடு, அஞ்சு ராத்திரி. அங்கேர்ந்து ரைன் ஆத்தைத் தாண்டி ஜெர்மனியில ஃப்ரைபுர்க் 50 கிலோமீட்டர்தான். கடலூர்லேர்ந்து சிதம்பரம் போற மாதிரி. காலையில இட்லி சாப்பிட்டுட்டுப் போய், ராத்திரி ரசம் சோத்துக்குத் திரும்பிடலாம். சுத்தி எங்க பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். ஸ்ட்ராஸ்பர்க் போற பக்கம் எர்ஸ்டைன்னு ஒரு ஊர், அங்க பீட்ரூட்லேர்ந்து சர்க்கரை எடுக்குற ஆலை இருக்கு. ஜூன்ல ஆலை ஓடாது, ஆனா வயல்ல பயிர் நிக்கும். இதைச் சொன்னதும் மாமா முகத்தைப் பார்க்கணுமே! "பீட்ரூட்லயா? ஏக்கருக்கு எவ்ளோ டன்னு வருதாம்?" ரோமெல்லாம் எந்த மூலைக்கு.

அஞ்சு நாள்ல ஒரு நாள் எங்கயும் போகாம சும்மா இருக்கணும்னு சண்டை போட்டு வாங்கினேன். பையனுக்கு அது வீண். அக்கா முட்டிக்கு அது மருந்து.

அடுத்து பாசல் வழியா லூசர்ன், ரெண்டு ராத்திரி, அக்காவோட பனிக்கு. யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம், டிட்லிஸ் ரோப் காரும் 3,000 மீட்டருக்கு மேல ஏறுது. டாக்டரைக் கேட்டுட்டுத்தான் எதுன்னு முடிவு. திரும்புற வழியில திழோன்ல ஒரு ராத்திரி. ஆம்ஸ்டர்டாமை வெட்டியாச்சு. பிரஸ்ஸல்ஸுக்கு பாரிஸ்லேர்ந்து ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போயிடுது, ரெண்டு மாசத்துல ஒரு சனிக்கிழமை கிடைக்காமலா போகும். மருமகளுக்கு லண்டன் ஆசை, ஆனா அதுக்கு ஷெங்கன் செல்லாது, மாமா அக்காவுக்குத் தனி விசா எடுக்கணும். அதையும் தள்ளி வச்சாச்சு.

மூணு நாடாங்கிறது பையனுக்குப் பெரிய குறை. பேரம் பேசிப் பேசி நாலாவதா லக்சம்பர்க் வாங்கிட்டான். போறப்போ முதல் ராத்திரி அங்க. எனக்கும் சம்மதம்தான், ஒரே மூச்சுல கொல்மார் வரைக்கும் ஓட்ட வேணாம் பாருங்க. பெட்ரோலும் அங்க மலிவாம், பக்கத்து நாட்டுக்காரங்க வந்து ரொப்பிட்டுப் போறாங்களாம். நம்ம பாண்டியேதான். 2020 முதல் அந்த நாட்டுல பஸ், ரயில், டிராம் எல்லாத்துலயும் டிக்கெட்டே கிடையாது. மாமா இன்னும் நம்பல.

மாமாவுக்கு ஒரே ஒரு வருத்தம். பண்ருட்டிப் பலாப்பழம் ஒண்ணு கொண்டு போகணும்னு இருந்தார். வெளியிலேர்ந்து ஐரோப்பாவுக்குப் பழம் கொண்டு போக தாவர நலச் சான்றிதழ் வேணும். அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன் அஞ்சுக்கு மட்டும் விலக்கு. டுரியன் போகலாமாம், பலா போகக் கூடாதாம்! பால் அயிட்டமும் கூடாதுன்னு ஆனதுல அக்காவோட பால்கோவாவும் அவுட். முறுக்குக்கு வழி இருக்கு.

நேத்து அக்கா போன்ல கேட்டுச்சு: "ஏண்டா, ஜூன்ல அங்க ராத்திரி ஒம்பதரை வரைக்கும் வெளிச்சமா இருக்குமாமே. நான் விளக்கு எப்ப ஏத்துறது?"

பி.கு: இங்கேர்ந்து போய் அங்க கார் வாடகைக்கு எடுத்து ஓட்டப் போறவங்க, நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சர்வதேச டிரைவிங் பர்மிட் எடுத்துட்டுப் போங்க. ஒரு வருஷம் செல்லும், கூடவே ஊர் லைசென்ஸும் இருக்கணும். எந்தெந்த நாட்டுக்குள்ள வண்டி போகும்னு வாடகைக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அல்சாஸ் பக்கம் குடியிருக்குற நண்பர்கள் யாராவது இருந்தா, கொல்மார்ல புழுங்கலரிசி கிடைக்குமான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க.