பாரலாச்சா கணவாயை நோக்கி

தலைநகர்த் தமிழர் விடுப்புக் கிடைத்தால் தென்னாட்டுக்கு ரயிலேறுவதே வழக்கம். அத்தானும் மைத்துனனுமாகிய நாங்கள் இருவரும் சென்ற செப்டம்பரில் வடதிசை நோக்கினோம். மைத்துனர் புதிதாய் வாங்கிய ‘ஹிமாலயன் 450’ மோட்டார் சைக்கிளே அதற்குக் காரணம். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு தொழிலின் வழிவந்த இவ்வண்டி, 2023-இல் வெளியாயிற்று.

பெட்ரோலை முற்றும் வடித்து, சாக்கினால் சுற்றிக் கட்டினாலன்றி ரயில் பார்சலில் வண்டியை ஏற்க மாட்டார்கள். எங்களுள் மூத்தவர் ரயில்வே குமாஸ்தாவாதலால் அவ்வேலை தடையின்றி முடிந்தது. சண்டீகரில் இறக்கி, மணாலி சென்று, 2020-இல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தைக் கடந்தோம். அப்புறம் உள்ளது லாஹுல். மழை குன்றிய மலைநாடு. சந்திரா, பாகா என்னும் ஆறுகள் கூடும் டாண்டியில், 17 லிட்டர் கொள்ளும் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஜிஸ்பாவில் இரவு தங்கினோம்.

மறுநாட் காலை ஏற்றம் தொடங்கிற்று. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகள் அங்கே பெட்ரோல் மிகுந்து திணறும். இவ்வண்டியின் உணர்கருவிகளோ காற்றின் நிலையறிந்து பெட்ரோலைக் குறைத்துவிடுகின்றன. ஆயினும் இல்லாத காற்றை அவை உண்டாக்க இயலாதன்றோ! 16,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தினும் ஏறக்குறைய பாதியே. ஆதலின் கீழே 40 குதிரைத் திறன் தரும் எஞ்சின், அங்கே பாதிக்குச் சற்று மேலாகவே தரும். எனினும் வண்டி நிதானமாக ஏறிற்று.

ஜிங்ஜிங்பாரில் தேநீர் அருந்த நின்றபோதுதான் மைத்துனரால் தலைக்கவசத்தின் வாரை அவிழ்க்க முடியாததைக் கண்டோம். விரல்கள் தடுமாறின, வாந்தியும் எடுத்தார். இரவு முதலே இருந்த தலைவலியை மறைத்திருக்கிறார்!

“இன்னும் சிறிது தூரந்தானே, அத்தான், போய்விடலாம்,” என்றார்.

“உன் அக்காளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஏறு பின்னால்,” என்றார் மூத்தவர்.

சொல்வது எளிது, ஓட்டுவது அரிது. வண்டியின் எடை 196 கிலோ. இருக்கையின் உயரம் 825 மில்லிமீட்டர். மூத்தவருக்குக் கால்விரல்கள் மட்டுமே நிலத்தைத் தொட்டன. வழியில் பனியுருகிய ஓடையொன்று சாலையின் குறுக்கே பாய்ந்தது. நடுவில் நின்றுவிட்டால் கால் ஊன்ற இயலாது. முதற் பல்சக்கரத்தில் வேகம் மாறாமல் இறங்கினோம். 21 அங்குல முன்சக்கரம் உருண்டைக் கற்கள்மேல் ஏறி இறங்கிற்று. 230 மில்லிமீட்டர் அடியிடைவெளி இருந்தமையால் எஞ்சினின் அடிப்பாகம் கல்லில் தட்டவில்லை. கரையேறியபின் இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

ஜிஸ்பாவை அடைந்த மாலையே தலைவலி நீங்கிற்று. மைத்துனர் பாகா நதிக்கரையில் அமர்ந்து இரண்டு ரொட்டி உண்டார். எங்கள் விடுப்பும் முடிந்தது. கணவாயைக் காணாமலே திரும்பினோம்.

இத்தகைய வண்டி வாங்க விழையும் நம் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவோம். பத்தாயிரம் அடியில் இரண்டு இரவேனும் தங்கி உடலைப் பழக்குங்கள். தலைவலி வந்தால் உடன்வருபவரிடம் உடனே சொல்லுங்கள். குணமாகும்வரை மேலே ஏறாதீர்கள். மிகுமாயின் தாமதமின்றிக் கீழே இறங்குங்கள். அடுத்த ஆண்டு நாங்களும் அவ்வாறே செய்வதாக இருக்கிறோம்.