அளவறிந்து ஓட்டுவோம்

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் ஒரு வண்டியைக் காட்டுகிறார். ஏற்றுவது மயிலிறகே ஆயினும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது அவர்தம் கருத்து. தன் பொருளின் அளவறியாமல் வாழ்பவனின் வாழ்வு கெடும் என்பதையும் அதே அதிகாரத்தில்தான் அவர் வைத்திருக்கிறார். வண்டியும் வரவு செலவும் ஓரிடத்தில் அமைந்த பொருத்தத்தை வகுப்பறையில் நாம் பலமுறை விளக்கியதுண்டு. ஆயினும் அப்பாடம் நமக்கே விளங்கியது, நம் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் கணக்கைப் பார்க்க நேர்ந்தபோதுதான்.

பணியின் பொருட்டு நாம் சேலத்தில் வசிக்கிறோம். நம் தாயார் நாமக்கல்லில், பழைய வீட்டை விட்டு வர மனமின்றி வாழ்கிறார்கள். வாரந்தோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்த மறுநாள் சீலநாயக்கன்பட்டி, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியே சென்று அவர்களைக் கண்டு திரும்புவது வழக்கம். போக வர ஏறத்தாழ 110 கிலோமீட்டர். தொலைவில் நாமக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்ததும் பயணக் களைப்புப் பாதி நீங்கிவிடும்.

பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டிய பின்னர், வீட்டுக் கணக்கில் எங்கேனும் குறைத்தாக வேண்டிய நிலை வந்தது. நாம் குறைத்தது எதைத் தெரியுமா? வாரம் ஒருமுறை என்றிருந்த நாமக்கல் பயணத்தை மாதம் இருமுறை என்றாக்கினோம். காரணத்தைத் தாயாரிடம் சொன்னபோது அவர்கள் கோபிக்கவில்லை. "பெட்ரோல் விலை கூடினா பெத்தவளைப் பாக்குற நாளு குறையுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு நம்மிடம் விடையில்லை.

இதில் வெட்கத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. அந்நாளில் நாம் வண்டிக்கு ஊற்றி வந்தது சாதாரணப் பெட்ரோல் அன்று. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதலான உயர்வகைப் பெட்ரோல். விலை கூடியது தரத்திலும் கூடியதாகவே இருக்கும், அதனால் மைலேஜும் கூடும் என்பது நம் நம்பிக்கை. நண்பர் ஒருவர் சொன்னார். நாமும் ஆராயாமல் ஏற்றோம்.

வண்டியைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரே நம் மயக்கத்தைத் தெளிவித்தார். "வண்டி கேக்காததை ஊத்துறீங்க சார், கேக்குறதைச் செய்யக் காணோம்" என்றார் அவர். அவர் சொன்னதைப் பின்னர் நூல்களிலும் படித்துத் தெரிந்துகொண்டோம்.

ஆக்டேன் எண் என்பது எரிபொருளின் ஆற்றலைக் காட்டும் எண் அன்று. எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை அழுத்தப்படும்போது, அது முறை தவறி வெடித்து 'டக் டக்' என்னும் இடிப்பை உண்டாக்காமல் தாங்கும் தன்மையைக் காட்டும் எண்ணே அது. அழுத்த விகிதம் 12-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள பந்தய வகை வண்டிகளுக்கு அத்தாங்கும் தன்மை மிகுதியாகத் தேவைப்படலாம். நம்மைப் போன்றோர் ஓட்டும் 100 சி.சி. வண்டிகளின் அழுத்த விகிதம் பெரும்பாலும் 9-க்கும் 10-க்கும் இடைப்பட்டது. அவற்றுக்குச் சாதாரணப் பெட்ரோலே போதுமானது. உற்பத்தியாளர் தரும் கையேட்டில் குறித்த எண்ணுக்கு மேல் ஊற்றுவது, வாய்க்கால் போதும் வயலுக்கு ஆற்றையே திருப்புவது போன்றது.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 தரத்தில் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைந்தது 91 ஆக இருக்க வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் அது 95 என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. ஆக, எந்த எண்ணுக்காக நாம் கூடுதல் விலை கொடுத்தோமோ, அந்த எண் சாதாரணப் பெட்ரோலிலேயே வந்துவிட்டது!

எத்தனாலால் மைலேஜ் குறைகிறதே எனக் கேட்போர் உளர். அக்கேள்வியில் உண்மை உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலினுடையதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. முந்தைய எரிபொருளுக்கென அமைந்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது 2 கிலோமீட்டர் அளவே.

இதில் நம் வட்டாரத்துக்கென ஒரு கவலையும் அடங்கியிருக்கிறது. கரும்பிலிருந்து மட்டுமன்றி மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் வடிக்கப்படுகிறது. நாமக்கல் கோழிகளுக்கு முதன்மைத் தீவனமும் மக்காச்சோளமே. எத்தனாலுக்குச் சோளம் செல்வதால் தீவன விலை ஏறுகிறது என்று பண்ணையாளர் முறையிட்டதுண்டு. சோளம் விதைத்த உழவரோ நல்ல விலையை எதிர்பார்க்கிறார். எனவே நாம் வீணாக்கும் ஒவ்வொரு துளிப் பெட்ரோலிலும் அயல்நாட்டு எண்ணெய் மட்டுமன்றி, நம் மண்ணின் விளைச்சலும் கலந்திருக்கிறது.

முதியவர் சொற்படி அளந்து பார்த்தோம். டாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் அதே அளவுக்கு நிரப்பி, ஊற்றிய லிட்டரால் தூரத்தை வகுப்பதே முறை. ஒருமுறை பார்த்தால் பிழை நேரலாம் என்பதால் மும்முறை பார்த்தோம். உயர்வகைப் பெட்ரோலிலும் சாதாரணப் பெட்ரோலிலும் ஒரே விடைதான்: லிட்டருக்கு 48 கிலோமீட்டர்.

பின்னர் வண்டி கேட்டதைச் செய்தோம். டயர்களில் காற்றுக் குறைந்திருந்தது. பின்சக்கர பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருந்தது. காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருந்தது. செயின் எண்ணெயின்றி வறண்டிருந்தது. இவற்றைச் சரிசெய்ததோடு நம் வேகத்தையும் சரிசெய்தோம். நெடுஞ்சாலையில் 75-இல் விரைந்த நாம் 50-க்கு இறங்கினோம். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். விரைவதால் நாம் மிச்சப்படுத்தியதோ இருபது நிமிடங்கள்தாம். சிக்னலில் எஞ்சினை அணைக்கவும் பழகினோம். அடுத்த மாதம் அளந்தபோது 56 கிலோமீட்டர் கிடைத்தது.

கணக்கைக் கேளுங்கள். கல்லூரிக்குச் செல்வதும் வாரந்தோறும் நாமக்கல் செல்வதுமாக மாதம் 920 கிலோமீட்டர். லிட்டருக்கு 48 எனில் 19 லிட்டருக்கு மேல் தேவை. 56 எனில் பதினாறரை லிட்டர் போதும். உயர்வகைக்குக் கொடுத்த கூடுதல் தொகையையும் சேர்த்தால் மிச்சம் ஏறத்தாழ 4 லிட்டரின் விலை. நாம் நிறுத்திய இரு பயணங்களுக்கு வேண்டியதும் அதே 4 லிட்டர்தான்! பெட்ரோல் விலை நம்மைத் தாயாரிடமிருந்து பிரிக்கவில்லை. நம் கவனக்குறைவே பிரித்திருந்தது.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்து உளூச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி. வற்றாத ஆற்றுக்கே அவ்வளவு கட்டுப்பாடு எனில், ஒருமுறை எரிந்தால் மீளாத எண்ணெய்க்கு எவ்வளவு வேண்டும்? வீண் விரயம் என்பது அள்ளி இறைப்பது மட்டுமன்று. தேவையறியாமல் கொடுப்பதும் விரயமே.

மாணவச் செல்வங்களே! பெட்ரோல் நிலையத்தில் அளவில் ஐயம் தோன்றினால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலத்தில் அளந்து காட்டுமாறு கேட்பது உங்கள் உரிமை. அவ்வுரிமையைக் கேட்பதற்கு முன்பு, உங்கள் வண்டியின் டயரையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறர் அளவையில் காணும் குறையைத் தன் பழக்கத்திலும் காண்பதே நேர்மை.

இப்போது மீண்டும் வாரந்தோறும் நாமக்கல் செல்கிறோம். சென்ற முறை வாசலில் நின்ற தாயார், "என்ன தம்பி, பெட்ரோல் விலை குறைஞ்சிருச்சா?" என்றார்கள். "இல்லைம்மா, எங்களுக்குத்தான் கணக்குத் தெரிஞ்சிருச்சு" என்றோம். அல்ஹம்துலில்லாஹ்.